சிந்தசைசர் ஒலியமைப்பு

சிந்தசைசர் ஒலியமைப்பு என்பது, மின்னலைகளைக் கொண்டோ கணினிக் கணக்கீட்டைக் கொண்டோ ஓர் இசையொலியை அடியிலிருந்து உருவாக்கி, அதன் சுருதியையும் நாதத்தையும் ஒலிக்கும் கால அளவையும் வேண்டியவாறு வடிக்கும் கலையாகும். கீபோர்டுடன் வரும் ஆயத்த ஒலிகளைத் தேர்ந்து வாசிப்பது இதில் சேராது. அமைத்துச் சேமித்து வைக்கும் ஒலி ‘பேட்ச்’ எனப்படும்.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கிய கருவியிலிருந்து இத்துறை பரவலாயிற்று. இந்தியாவில், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் மூக் கருவியுடன் ஒரு மின்னிசைக் கூடம் அமைக்க, கீதா சாராபாய் முதலானோர் அதில் இசை படைத்தனர். தமிழ்த் திரையிசையில், 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா, சுரங்களை நிரல்படுத்தித் தானாக இசைக்கும் கணினி சீக்குவென்சரைப் பயன்படுத்தியது பெரிதும் பேசப்பட்டது. அக்காலத்தில் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே எட்டிய இவ்வசதி, இன்று சர்ஜ், வைட்டல் போன்ற மென்பொருள்களாக விலையின்றிக் கிடைப்பதால், புதிதாகக் கற்பவருக்குக் குறைவது கருவி அன்று, கேட்டுப் பிரித்தறியும் பழக்கமே.

அப்பழக்கத்துக்கு மாதிரிகளைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உள்ள வைத்தியநாதசுவாமி கோயில் போன்ற ஓரிடத்தில் நாகசுரம், மணி, முரசு ஆகிய மூன்றின் ஒலிகளும் ஒருவருக்குப் பழக்கமானவையே. அவற்றை உருவாக்கும் முறைகளோ மூன்றும் வெவ்வேறானவை. (பல கோயில்களில் பூசை வேளையில் இயங்கும் மின்மேளம் சிந்தசைசர் அன்று, மோட்டாரால் உண்மையான தோலையும் மணியையும் அடிக்கும் பொறியே அது.)

நாகசுரத்தின் குழல் கூம்பு வடிவமானது. ஊதுவாயாகிய சீவாளியின் அதிர்வால் எழும் காற்றலையில் அடிச் சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு எனத் தொடரும் மேற்சுரங்கள் அனைத்தும் இடம்பெறுகின்றன. ஆகவே, அலையை உண்டாக்கும் உறுப்பாகிய ஆசிலேட்டரில், எல்லா மேற்சுரங்களையும் கொண்ட ரம்பப்பல் அலையைத் தேர்வதே பொருத்தம். ஒற்றைப்படை மேற்சுரங்களை மட்டும் கொண்ட சதுர அலை கிளாரினெட்டின் சாயலைத் தந்துவிடும். அடுத்து, வேண்டாத மேற்சுரங்களைக் குறைக்கும் உறுப்பாகிய ஃபில்டரால் அடிப்பகுதியைச் சற்றே மெலித்து, நடுவுக்கு மேற்பட்ட பகுதியை ரெசனன்ஸ் என்னும் ஒத்ததிர்வு கொண்டு உயர்த்தினால் நாகசுரத்தின் கூர்மை தோன்றும். இவ்வாறு நிறைந்த அலையிலிருந்து கழித்துக் கழித்து ஒலி செய்வது கழித்தல் முறை எனப்படும். தொடக்கநிலையினர் இதிலிருந்து தொடங்குவதே நன்று.

இவ்வளவு செய்தும் ஒலி நாகசுரமாகக் கேட்பதில்லை. அலை வடிவத்தைவிட, ஒலி எழும் முதல் நொடித்துளியும் அதன்பின் அது மாறும் விதமுமே காதுக்குக் கருவியை அடையாளம் காட்டுகின்றன என்பதைக் கற்பவர் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் உணர்கின்றனர். இம்மாற்றத்தை ஆள்வது என்வலப் என்னும் உறுப்பு. எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு ஆகிய நான்கு நிலைகளை அது வரையறுக்கிறது. எழுச்சியை 30 மில்லி நொடி அளவில் வைத்து, அதே என்வலப்பை ஃபில்டருக்கும் இணைத்தால், மூச்சின் அழுத்தம் ஏறுவதற்கேற்ப ஒலியும் பிரகாசமடையும்.

சுரத்தை அசைத்து இசைக்கும் கமகம் இதனினும் நுட்பமானது. தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைவது. சாதாரண காந்தாரத்திலிருந்து அவ்விரு சுரங்களும் கீழும் மேலும் இரண்டிரண்டு அரைச்சுரத் தொலைவில் இருப்பதால், பெரும்பாலான கருவிகளில் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்கு முன்னரே வைக்கப்பட்டிருக்கும் இரண்டு அரைச்சுர எல்லை இதற்குச் சரியாகப் போதும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நீண்ட ஜாருவுக்கு அது போதாது. எல்லையை 12 அரைச்சுரமாக உயர்த்த வேண்டும். சுரத்தைத் தானாக ஆட்டும் எல்.எஃப்.ஓ. என்னும் மெதுவலை ஆசிலேட்டரைக் கொண்டு கமகம் செய்ய முயல்வது பரவலான வழக்கம் என்றாலும், சீரான அவ்வாட்டம் கமகமாகாது. கையால் சக்கரத்தை அசைப்பதற்கு மாற்று இல்லை. இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட பத்து ராகங்களின் இசைத்தட்டில், ரோலண்ட் டி.பி.-303 கருவியின் ஸ்லைடு வசதி, சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் அசைவைத் தருகிறது. அதுவும் கமகத்தின் ஒரு கூறே அன்றி முழுமை அன்று.

மணியோசையில் மேற்சுரங்கள் அடிச் சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. எனவே கழித்தல் முறை இங்குப் பயன்படாது. ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் விரைவாக அசைக்கும் எஃப்.எம். என்னும் பெயரால் அறியப்படும் அதிர்வெண் பண்பேற்ற முறையை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சவுனிங் 1973இல் கட்டுரையாக வெளியிட்டார். 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 அம்முறையில் இயங்கியதே. அவர் காட்டிய மணிக்கான அமைப்பு இன்றும் நல்ல பயிற்சி: கேட்கும் அலை 200 ஹெர்ட்ஸ், அசைக்கும் அலை 280 ஹெர்ட்ஸ், அசைவின் அளவு 10இலிருந்து படிப்படியாகச் சுழியம் வரை, மொத்தம் 15 நொடி. விகிதம் 1.4 என்பதை 2 என்று மாற்றினால் மணித்தன்மை மறைந்துவிடும்.

மூன்றாவது ஒலி முரசு. மதுரை மன்னர் திருமலை நாயக்கரின் வயிற்றுநோய் மடவார் வளாகத்து இறைவனால் தீர்ந்தது என்றும், அவர் உச்சிக்கால பூசை முடிந்த செய்தியை மதுரை வரை வழிநெடுக அமைந்த மண்டபங்களின் முரசொலியால் அறிந்த பின்னரே உணவுண்டார் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. அத்தகைய முரசின் ஒலிக்கு, உயர்ந்த சுருதியில் தொடங்கி மிக விரைவில் தாழ்ந்திறங்கும் ஒரு சைன் அலையும், அடிக்கும் கணத்தில் மட்டும் வெடித்து மறையும் இரைச்சலும் போதும். மிருதங்க வலந்தலைக்கு இது பொருந்தாது. அதன் நடுவிலுள்ள கரணை என்னும் கரும்பூச்சே தோலின் மேற்சுரங்களை இசைவுறச் செய்கிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். ஆகவே அதற்கு, முழு மடங்குகளில் அமைந்த சில சைன் அலைகளைத் தனித்தனித் தணிவுக் காலத்துடன் கூட்ட வேண்டும். முரசின் 60 ஹெர்ட்ஸ் அளவிலான அடியொலியைக் கைபேசியின் சிறு ஒலிபெருக்கி ஏறத்தாழ விழுங்கிவிடுவதால், ஹெட்ஃபோனில் கேட்டு அமைத்து, பின்னர் கைபேசியிலும் முரசு முரசாகவே கேட்கும் வரை மேற்சுரங்களைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது ஒலிப்பதிவாளர் வழக்கம்.