இரோசிமாவும் நெவேரும்: நினைவின் இரு நகரங்கள்

பிரான்சு நாட்டில் லுவார் ஆற்றங்கரையில் நெவேர் என்றொரு சிறுநகர் உண்டு. லூர்து அன்னையின் காட்சி பெற்ற புனித பெர்னதெத் 1866-இல் துறவற வாழ்வை நாடிச் சென்றதும், 1879-இல் கண் மூடியதும் அந்நகரில்தான். நமக்குப் புனித நினைவைத் தரும் அதே நகரை, மனிதர் மனிதருக்கு இழைத்த கொடுமையின் நினைவாகவும் உலகின் முன் நிறுத்தியது ஒரு திரைப்படம். 1959-இல் வெளிவந்த 'இரோசிமா, என் அன்பே' என்பதே அது.

இதன் இயக்குநர் அலென் ரெனே, நாத்சி வதைமுகாம்களைப் பற்றி 1955-இல் 'இரவும் மூடுபனியும்' என்ற குறும்படத்தை எடுத்தவர். அணுகுண்டைப் பற்றியும் அத்தகைய ஆவணப்படம் ஒன்று எடுக்குமாறு அவரிடம் கேட்டனர். முன்பு செய்ததையே மீண்டும் செய்வதாக முடியுமோ என்று அவர் தயங்கினார். இறுதியில் எழுத்தாளர் மார்கரித் துராசை நாடினார். இவ்வாறு ஆவணம் கதையாயிற்று.

அமைதியைப் பற்றிய படமொன்றில் நடிக்க இரோசிமா வந்த பிரெஞ்சு நடிகை, அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவரைச் சந்திக்கிறாள். இருவரும் மணமானவர்கள். அவ்வுறவை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அதன் வழியே வெளிப்படும் உண்மையை நாம் புறக்கணிக்க இயலாது. மருத்துவமனையையும் அருங்காட்சியகத்தையும் பார்த்ததாக அவள் கூறும்போதெல்லாம், அவள் எதையும் பார்க்கவில்லை என அவன் மறுக்கிறான். 1945 ஆகஸ்டு 6, ஆண்டவரின் உருமாற்ற விழா நாள். அன்று காலை 8.15 மணிக்கு வீழ்ந்த குண்டினால் அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். பிறர் பட்ட இத்தகைய துயரைக் காட்சிப்பொருள்களால் அறிந்துவிட முடியுமா என்பதே படம் எழுப்பும் முதல் வினா.

அவளுக்கும் ஒரு துயரம் உண்டு. செருமானியர் பிரான்சை ஆண்டபோது, நெவேரில் அவள் ஒரு செருமானியப் படைவீரனைக் காதலித்தாள். நகர் விடுதலை பெறும் வேளையில் அவன் சுடப்பட்டு இறந்தான். ஊரார் அவள் தலையை மழித்தனர். பெற்றோர் நிலவறையில் அடைத்தனர். இது வெறும் கற்பனையன்று. விடுதலையையொட்டிய காலத்தில் பிரான்சில் ஏறத்தாழ 20,000 பெண்களின் தலை இவ்வாறு மழிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். விடுதலையைக் கொண்டாடிய கூட்டமே எளியோரை அவமானப்படுத்தும் கூட்டமாகவும் மாறியது.

அவள் இக்கதையை முதன்முறையாக அவனிடம் கூறுகிறாள். கூறியபின் ஆறுதல் பெறவில்லை, கலங்குகிறாள். சொன்னதாலேயே இறந்தவனுக்குத் துரோகம் செய்துவிட்டதாக எண்ணுகிறாள். இனி இதையும் மறந்துவிடுவோமே என்று அஞ்சுகிறாள். அன்பரை இழந்தவர் எவரும் இவ்வச்சத்தை அறிவர். முதன்முறை மனம்விட்டுச் சிரித்த நாளில், இறந்தவரை மறந்துவிட்டோமோ என்று நாம் கூசியதில்லையா? படத்தின் முடிவில் அவள் அவனை இரோசிமா என்றும், அவன் அவளை நெவேர் என்றும் அழைக்கின்றனர். பெருந்துயரும் தனித்துயரும் ஒரே அளவின அல்ல. ஆயினும் ஒன்றை உணர மற்றொன்றே வாயிலாகிறது.

1959-ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் இப்படம் போட்டிக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. அமெரிக்காவின் மனம் நோகலாகாது என்பதே காரணம் எனப் பரவலாகக் கூறப்பட்டது. மறதியைப் பற்றிய படத்தையே ஒதுக்கி வைக்க நேர்ந்தது எத்துணை பொருத்தமான சான்று! போட்டிக்கு வெளியே திரையிடப்பட்ட அதற்குத் திறனாய்வாளர்கள் பரிசளித்தனர்.

1981 பிப்ரவரி 25 அன்று இரோசிமா சென்ற திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கடந்ததை நினைவுகூர்வது வருங்காலத்திற்குப் பொறுப்பேற்பதாகும் என்று வலியுறுத்தினார். நினைவுகூர்தலையே வழிபாட்டின் நடுவில் வைத்திருக்கும் நமக்கு இது புதிதன்று. காலம் காயத்தின் கூர்மையைக் குறைப்பது துரோகமாகாது. அது இறைவன் தரும் இரக்கம். காயம் ஆறியபின், அதனை உண்டாக்கிய பகையையும் மறந்து மீண்டும் வளர்ப்பதே துரோகம். மழிக்கப்பட்ட கூந்தல் மீண்டும் வளர்ந்தது. எரிந்த நகரும் எழுந்தது. அவை எழுந்த கதையோடு, வீழ்ந்த கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.