தொகை தந்த தெளிவு: தமிழ்ப் பட்டியல் தொடர்களில் உம்மையும் காற்புள்ளியும்

சேத்தியாத்தோப்பிலிருந்து வீராணம் ஏரியை ஒட்டித் தெற்கே போனால் காட்டுமன்னார்கோயில் வரும். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கும் ஒரு கல்வெட்டை, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலைக்கான சான்றாக வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு அதில் வரும் ரவிதாசன் பெயரும் பழக்கமானதுதான். இராசகேசரி ஒருவனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அதை முதலாம் இராசராசனுடையதாகவே ஆய்வாளர் பலரும் கொள்வர். அப்படியானால் அதன் காலம் 987ஐ ஒட்டியது. கொலை செய்து துரோகிகளானவர்களும் அவர்களுடைய சுற்றத்தாரும் யார் யார் என்று பெயர் சுட்டி, அவர்களின் உடைமைகளைக் கையகப்படுத்துவது பற்றிய ஆணை அது. இப்படிப்பட்ட ஓர் ஆவணத்தில் பட்டியல் பிசகினால் தொடர்பில்லாத ஒருவருடைய வீடும் நிலமும் பறிபோகும்.

கல்வெட்டில் காற்புள்ளி இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளிகூட இல்லை. ஆனாலும் அந்தப் பெயர்ப் பட்டியல் குழப்பவில்லை. ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசனும், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசனும் என்ற அமைப்பில் அது நடக்கிறது. ‘ஆன’ என்ற சொல், இயற்பெயரும் பட்டப்பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று கட்டுகிறது. இறுதியில் நிற்கும் உம், அந்த ஆள் முடிந்தார், அடுத்தவர் தொடங்குகிறார் என்று காட்டுகிறது. இதையே இன்றைய செய்தி நடையில் ‘ரவிதாசன், பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரன், இருமுடிச்சோழ பிரமாதிராசன்’ என்று எழுதிப் பார்க்கலாம். இரண்டு பேர் நான்கு பேராகிவிடுகிறார்கள். பட்டியலில் வரும் காற்புள்ளி தெளிவு தருகிறதா, மயக்கம் தருகிறதா என்ற கேள்விக்கு, தமிழைப் பொறுத்தவரை விடை தேட வேண்டிய இடம் இதுவே என்று கருதுகிறேன். தமிழில் பட்டியலின் தெளிவை இடைச்சொல்லும், இறுதியில் எண் சொல்லி மூடும் தொகையும் தாங்கி வந்தன. காற்புள்ளி வந்த பின் அந்த இரண்டையும் நாம் மெல்லக் கைவிட்டோம். மயக்கம் அந்தக் கைவிடலிலிருந்துதான் பிறக்கிறது.

இலக்கணிகள் இதைத் தற்செயலாக விட்டுவைக்கவில்லை. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லி, அவற்றுள் ஒன்றாக எண்ணை வைக்கிறது. ஏகாரத்தின் ஐந்து பொருள்களிலும், ‘என’ என்னும் சொல்லின் ஆறு பொருள்களிலும் எண்ணுப்பொருள் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நன்னூலில் பவணந்தி முனிவர் இவற்றையெல்லாம் இரண்டு வகையாகப் பிரித்தார். இடைச்சொல் எதுவுமின்றிப் பெயர்களை மட்டும் அடுக்கும் செவ்வெண், ஏ, என்றா, எனா ஆகிய நான்கும் இறுதியில் தொகை பெற்றாக வேண்டும். உம், என்று, என, ஒடு ஆகிய நான்கும் தொகை இல்லாமலும் நடக்கலாம். ‘சாத்தனும் கொற்றனும் வந்தார்’ என்றால் போதும். உம்மை ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே பிடித்துக்கொள்கிறது. ‘சாத்தன் கொற்றன்’ என்று அடுக்கினால் ‘இருவரும் வந்தார்’ என்று எண் சொல்லி மூட வேண்டும். இல்லாவிட்டால் கொற்றன் என்பது சாத்தனின் இன்னொரு பெயரா, வேறோர் ஆளா என்பது தெரியாது.

இந்த விதியின் நுட்பத்துக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். குறி இல்லாத எழுத்தில் பட்டியலுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஓர் உறுப்பு எங்கே முடிகிறது என்பது முதலாவது. மொத்தம் எத்தனை உறுப்பு என்பது இரண்டாவது. உம்மை முதல் ஆபத்தை நீக்குகிறது. தொகை இரண்டையும் நீக்குகிறது: எண்ணிக்கை தெரிந்தால் எங்கே பிரிப்பது என்பதையும் வாசகர் சரிபார்த்துக்கொள்ளலாம். ஏடு பெயர்த்து எழுதியவர் ஓர் உறுப்பை விட்டுவிட்டிருந்தாலும் தொகை காட்டிக் கொடுத்துவிடும். திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தின் முதற்குறள் படை, குடி முதலான உறுப்புகளை எந்த இடைச்சொல்லும் இன்றி அடுக்கி, ‘ஆறும்’ என்று தொகை கொடுத்த பிறகே அவற்றை உடையவனைச் சொல்கிறது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அது ஐந்தா, ஆறா, ஏழா என்று உரைகாரர்கள் வாதிட வேண்டியிருந்திருக்கும்.

இன்னொரு வழியும் இருந்தது. உயர்திணைப் பெயர்கள் உம்மைத்தொகையாகச் சேரும்போது பலர்பால் ஈறு பெறும் என்பது விதி. சேர சோழ பாண்டியர் என்பதில் கடைசி ‘அர்’ மூவருக்கும் பொது. கபிலபரணர் என்றால் இருவர். பெயர்களுக்கு நடுவில் எதுவும் தேவைப்படவில்லை. சொல்லின் முடிவே கணக்கைச் சொல்லிவிடுகிறது.

இலக்கண நூலில் சொன்னது நில ஆவணங்களில் நடைமுறையாகவே இருந்தது. சோழர் காலக் கொடைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் நிலத்தின் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு எல்லைகள் ஒவ்வொன்றாக உம்மை பெற்று வரும். பிறகு ‘பெருநான்கெல்லை’ என்று தொகை சொல்லி, அதனுள் அடங்கிய நிலம் என்று மூடுவார்கள். அளவுகளைச் சொல்லும் இடங்களில் ‘ஆக’ என்று தொடங்கி மொத்தம் வரும். தஞ்சைப் பெரிய கோயிலின் நகைப் பட்டியல்களும் இப்படி எண்ணும் எடையும் சொல்லியே நகர்கின்றன. கணக்கு எழுதியவர்களிடம் தனிக் குறியீடுகளும் இருந்தன: பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. ஆகவே பழந்தமிழ் எழுத்தில் குறிகளே இல்லை என்று பொதுப்படச் சொல்வது சரியன்று. வாக்கியத்தை நிறுத்தும் குறிகள்தாம் இல்லை. ஓலையில் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டு எழுதினார்கள். நெடிலையும் குறிலையும் பிரிக்க வீரமாமுனிவர் எகர ஒகர வடிவங்களைத் திருத்தியது 18ஆம் நூற்றாண்டில். இப்படிப்பட்ட எழுத்துமுறையில் பட்டியல் தெளிவாக நின்றதற்குக் காரணம் தொடரமைப்புதான்.

காற்புள்ளி அச்சோடு வந்தது. சிதம்பரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715இல். அடுத்த நூற்றாண்டில் மிஷன் அச்சகங்களின் வேத நூல்களிலும் துண்டு நூல்களிலும் ஐரோப்பிய நிறுத்தக்குறிகள் பழக்கமாகின. தமிழில் இக்குறிகளைப் புகுத்தியவர் ஆறுமுக நாவலர் என்று பலரும் சொல்வதுண்டு. முதலில் கையாண்டவர் என்ற பொருளில் அதை ஏற்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் அவர். குறிகளின் பயனை அங்கே அருகிருந்து பார்த்திருப்பார் என்று ஊகிக்கலாம். அவர் செய்த பெருஞ்செயல் வேறு. 1852இல் பெரியபுராண வசனம், 1861இல் திருக்குறள் பரிமேலழகர் உரை என்று சைவ நூல்களையும் இலக்கண நூல்களையும் பாடப்புத்தகங்களையும் குறிகளோடு அச்சிட்டு, தமிழ்ப் புலமை மரபுக்குள்ளேயே அவற்றுக்கு இடம் பெற்றுக் கொடுத்தார். 1864இல் சிதம்பரத்தில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையில் பயின்ற பிள்ளைகளுக்குத் தமிழ் உரைநடை என்பதே காற்புள்ளியோடு கூடியது.

நாவலர் நடையில் நான் முதன்மையாக மதிப்பது, குறியை ஏற்றபோதும் அவர் உம்மையை விடவில்லை என்பதை. நீண்ட பட்டியல்களில் உம்மையோ ‘என’வோ நிற்கும், தொகையும் வரும், காற்புள்ளி கண்ணுக்குத் துணையாக வரும். குறியை அழித்துவிட்டுப் படித்தாலும் பொருள் மாறாது. வசன நடைக்கு இது சரியான அளவுகோல்.

சிதம்பரத்துக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பங்கும் உண்டு. 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட நாள் முதல், தொடர்ந்தோடும் ஏட்டெழுத்தைச் சொல்லாகவும் தொடராகவும் பிரித்து அச்சுப்பக்கமாக்கியவர் அவர். செய்யுளில் பெயர்ப் பட்டியல் வரும் இடங்களில் ஒவ்வொரு பிரிப்பும் ஒரு பொருள் முடிவு. இரண்டு சொல் இரண்டு பொருளா, அடையும் பெயருமா என்பதைப் பதிப்பாசிரியரே தீர்மானிக்க வேண்டும். காற்புள்ளியோ இடைவெளியோ இட்ட கணத்தில் அவர் உரைகாரராகவும் ஆகிவிடுகிறார். பின்வந்த சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளில் படித்த தலைமுறை, அந்தத் தீர்மானங்களை மூலத்தின் பகுதியாகவே எண்ணிக்கொண்டது.

பள்ளி இலக்கணம் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று கற்பித்தது. வாய்விட்டுப் படிக்க அது உதவியது. எந்த உறுப்பு எதோடு சேர்கிறது என்பதற்கு அதில் பாடம் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் நாளிதழ் நடையும் அலுவலக மொழிபெயர்ப்பும் அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. ‘சிதம்பரம், புவனகிரி மற்றும் சேத்தியாத்தோப்பு’ என்ற அமைப்பு ஆங்கில வாக்கியத்தின் அச்சில் வார்த்தது. கடைசி உறுப்புக்கு முன் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று ஆங்கிலத்தில் நடக்கும் ‘ஆக்ஸ்போர்டு கமா’ விவாதம் தமிழுக்குள் நுழைந்ததும் இந்த ‘மற்றும்’ வழியாகத்தான். ‘சிதம்பரமும் புவனகிரியும் சேத்தியாத்தோப்பும்’ என்றால் அந்த விவாதத்துக்கு இடமே இல்லை. ‘கூட்டுறவுச் சங்கத் தலைவர், ஆலைத் தொழிற்சங்கச் செயலாளர் மற்றும் ஊர்ப் பெரியவர்கள் கலந்துகொண்டனர்’ என்ற செய்தியில், தலைவரும் செயலாளரும் ஒருவரா இருவரா? பெரியவர்கள் பன்மை என்பதால் வினைமுற்றும் உதவவில்லை. ‘தலைவரும் செயலாளரும்’ என்று இருந்தால் இருவர். ‘தலைவரும் செயலாளருமான’ என்று இருந்தால் ஒருவர். உடையார்குடிக் கல்லில் இருந்த ‘ஆன’ என்ற அதே உத்தி இன்றும் நம் வாயில் புழங்குகிறது. எழுதும்போதுதான் அதை விட்டுவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் காற்புள்ளிக்காக நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியம் பெறாத வேலைகளை ஒரு சட்டம் அடுக்கியிருந்தது. அதன் முடிவில், அனுப்புவதற்காகவோ வினியோகத்துக்காகவோ பொட்டலமிடுதல் என்று படிக்கலாம். பொட்டலமிடுதல் ஒன்று, வினியோகம் இன்னொன்று என்றும் படிக்கலாம். இடையே ஒரு காற்புள்ளி இல்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த பால் வண்டி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலரில் வழக்கு சமரசமானது. நம் உச்ச நீதிமன்றம் 1952இல் அசுவினி குமார் கோஷ் வழக்கில், சட்டத்துக்குப் பொருள் கொள்வதில் நிறுத்தக்குறி சிறு கூறுதான் என்றது. ஆனால் 1979இல் முகமது ஷபீர் வழக்கில், மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படித்தபோது காற்புள்ளி இல்லாததே முடிவைத் தாங்கியது. ‘இருப்பு வைத்தல்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அடுத்துக் காற்புள்ளி இல்லை. எனவே பின்னால் வரும் ‘விற்பனைக்காக’ என்பது அதற்கும் பொருந்தும். வெறுமே கையில் வைத்திருப்பது அப்பிரிவின்படி குற்றமாகாது என்றது நீதிமன்றம்.

இந்த வழக்கைத் தமிழில் வைத்துப் பார்த்தால் ஒரு முக்கிய வேறுபாடு புலப்படும். ஆங்கிலத்தில் ‘விற்பனைக்காக’ என்பது பின்னால் வந்து, முன் உள்ள சொற்களை நோக்கிப் பரவுகிறது. தமிழில் அடை முன்னால் வரும். ‘விற்பனைக்காக இருப்பு வைத்தல், காட்சிக்கு வைத்தல், பகிர்ந்தளித்தல்’ என்றால் அது பின் உள்ள சொற்களை நோக்கிப் பரவுகிறது. எங்கே நிற்கும் என்று காற்புள்ளி சொல்வதில்லை. ‘பழுதடைந்த மதகுகள், கரைகள், பாலங்கள் சீரமைக்கப்படும்’ என்ற அறிவிப்பில் பழுது மதகுக்கு மட்டுமா? மூன்றுக்கும் என்றால் ‘பழுதடைந்த மதகுகளும் கரைகளும் பாலங்களும்’ என்பதுகூட முழுத் தெளிவு தராது. ‘மதகு, கரை, பாலம் ஆகியவற்றுள் பழுதடைந்தவை’ என்று தொகுத்த பின் அடையைப் போட வேண்டும். ஆங்கிலக் கையேட்டு விதிகளை அப்படியே பெயர்த்துத் தமிழ்க் காற்புள்ளிக்கு விதி செய்வது பயன்படாது என்பதற்கு இதுவே காரணம்.

காற்புள்ளி வேண்டாம் என்பது என் வாதமன்று. உம்மையோடு சேரும்போது அது வேறெதுவும் செய்யாத வேலையைச் செய்கிறது. ‘நெல்லும் கரும்பும், உளுந்தும் பயறும்’ என்று எழுதினால் நான்கு பயிர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுகின்றன. வெள்ளாற்றுப் பாசனத்தில் நெல்லுக்குப் பின் உளுந்து பயிரிடுபவர்களுக்கு அந்தப் பிரிவின் பொருள் உடனே விளங்கும். வேற்றுமை உருபு கடைசியில் மட்டும் நிற்கும் தொடர்களிலும் ‘ஆகிய ஊர்களுக்கு’, ‘ஆகிய மூவரிடம்’ என்று முடித்தால் காற்புள்ளிப் பட்டியல் செம்மையாக நிற்கிறது. பவணந்தியார் கேட்ட தொகை, ‘ஆகிய’ என்ற வடிவில் இன்றும் இருக்கிறது.

இந்தத் தொகை இன்றியமையாத இடம் கிரயப் பத்திரம். ‘சர்வே எண் 112/3, 4’ என்று எழுதினால் 4 என்பது 112ஆம் புலத்தின் உட்பிரிவு என்றும் படிக்கலாம். தனிப் புலம் என்றும் படிக்கலாம். சேத்தியாத்தோப்பு வழியே போகும் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலை போன்ற பணிகளுக்கு நிலம் எடுக்கும்போது புல எண்ணை அட்டவணையில் வரிக்கு ஒன்றாகப் போடுவது இந்த மயக்கத்தைத் தவிர்க்கிறது. பத்திரத்தில் அட்டவணை இல்லாவிட்டால் 112/3, 112/4 என்று முழு எண்ணையும் எழுதி, ‘ஆக உட்பிரிவு 2க்கும்’ என்று தொகை கொடுத்து, அதன் பின் செக்குபந்தி எனப்படும் எல்லை விவரத்தில் நான்கெல்லையைச் சொல்ல வேண்டும்.