விழிப்பு வினைகள் (ஆங்கிலம்)

விழிப்பு வினைகள் என்பவை உறக்கம் நீங்குதலையும் உணர்வு தூண்டப்படுதலையும் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்கள். வேக், அவேக், வேக்கன், அவேக்கன் ஆகிய நான்கும் பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். இவற்றின் இறந்தகாலம் தாய்மொழியினரையே தடுமாறவைப்பது: முதலிரண்டும் வோக், அவோக் என உயிர் திரியும், பின்னிரண்டும் விகுதி மட்டும் ஏற்கும். அன்றாடப் பேச்சில் எழுவதற்கும் எழுப்புவதற்கும் ‘வேக் அப்’ ஒன்றே போதும். அவேக்கன் பெரும்பாலும் உருவக வழக்கு. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களில் பரவிய கிறித்தவச் சமய எழுச்சி ‘கிரேட் அவேக்கனிங்’ எனப்பட்டது. ஸ்டர், விழிக்குமுன் புரண்டு அசைவது.

ரவுஸ் வேட்டை வழக்கில் புதரில் பதுங்கிய விலங்கைக் கிளப்புதலைக் குறித்தது. அயர்ந்து உறங்குபவரை உலுக்கி எழுப்புவதற்கு இன்றும் பொருந்தும். அதன் வழிவந்த அரவுஸ், ஐயம், சினம், ஆர்வம் போன்றவற்றையே பெரிதும் செயப்படுபொருளாகக் கொள்ளும். ஆளைச் சுட்டினால் பாலுணர்வுப் பொருள் முந்திக்கொள்ளும் என்பதால், விருந்தினரை எழுப்பியதைச் சொல்ல இச்சொல்லை ஆள்வது விபரீதமாகும். தாற்றுக்கோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த ஸ்டிமுலேட், நரம்பு, பசி, பொருளாதாரம் ஆகியவற்றை முடுக்குவதற்கு உரியது.