உள்ளுறுப்புக் கற்றல்

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், உமிழ்நீர்ச் சுரப்பு முதலியவை நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பவை அல்ல. தானியங்கு நரம்பு மண்டலம் அவற்றைக் கவனித்துக்கொள்கிறது. அத்தகைய இயக்கங்களையும் வெகுமதி தந்து படிப்படியாகப் பழக்க முடியும் என்ற கருத்தே உள்ளுறுப்புக் கற்றல். சரியான செயலுக்கு உடனே பரிசு தந்து அதை நிலைப்படுத்துவதை உளவியல் வலுவூட்டல் என்கிறது.

வலுவூட்டலுக்கு வசப்படுவது கை கால் தசைகள் மட்டுமே என்று 1960கள் வரை பல உளவியலாளர்கள் நம்பினர். அமெரிக்க உளவியலாளர் நீல் மில்லர் அதை ஏற்கவில்லை. கார்மோனாவுடன் சேர்ந்து தாகமுள்ள நாய்களைச் சோதித்து 1967இல் முடிவை வெளியிட்டார். உமிழ்நீர் கூடினால் ஒரு குழுவுக்கும், குறைந்தால் மற்றொரு குழுவுக்கும் தண்ணீர் கிடைத்தது. இரண்டு குழுக்களுமே கற்றுக்கொண்டன.

நாய் மூச்சையோ தசையையோ மாற்றி இதைச் சாதித்திருக்கலாமே?

இந்த ஐயத்தைப் போக்க மில்லரும் லியோ டிகாராவும் எலிகளுக்குக் கியூராரே என்ற மருந்தைச் செலுத்தினர். உடல் தசைகள் முழுவதும் செயலிழந்தன. செயற்கைச் சுவாசக் கருவி உயிரைக் காத்தது. அந்த எலியால் தின்னவோ குடிக்கவோ முடியாது என்பதால், மூளையின் இன்ப மையத்தில் மெல்லிய மின்தூண்டலே பரிசானது. துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் எலிகள் கற்றதாகவும், ஒரு காதின் இரத்தக் குழாய்களை மட்டும் மற்றதைவிட விரித்ததாகவும் அறிவித்தார்கள். 1969இல் 'சயன்ஸ்' இதழில் மில்லர் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை எழுப்பியது.

ஆனால் 1970களில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. மில்லரின் சொந்த ஆய்வகத்திலும் கிடைக்கவில்லை. பாரி டுவொர்கினுடன் பல ஆண்டுகள் காரணத்தைத் தேடிய அவர், தோல்வியை மறைக்காமல் 1974இலும் 1986இலும் அச்சிலேயே அறிவித்தார். அறிவியல் நேர்மைக்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது.

இதே காலத்தில் வளர்ந்த சிகிச்சைமுறை பயோஃபீட்பேக். விரல் நுனியில் வெப்ப உணரியைப் பொருத்துவார்கள். டிகிரியில் சிறு பின்னம் ஏறினாலும் திரையில் கோடு உயரும். உயரும் கோடே நோயாளிக்குப் பரிசு. ஒற்றைத் தலைவலிக்கும், விரல்கள் குளிரில் வெளுக்கும் ரேனாட் நோய்க்கும் இம்முறை பயன்படுகிறது.

மில்லரின் மூலக் கேள்விக்குப் புதிய சான்று மனிதரிடமிருந்தே வந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டுத் தசைகள் செயலிழந்த சிலருக்கு, எழுந்து உட்கார்ந்தாலே இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். அவர்களுக்கு அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை உடனுக்குடன் தெரிவித்துப் பயிற்சி தந்தபோது, தாமே அதை உயர்த்தக் கற்றனர். தசைகளின் உதவியின்றி இது நிகழ்ந்ததாகவே தெரிகிறது என்று மில்லரும் பெர்னார்ட் ப்ரக்கரும் 1979இல் எழுதினர்.