கலப்பையை ஜெயிச்ச கல்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநில மேப்பை விரிச்சுப் பாத்தீங்கன்னா, கிராமத்து ரோடெல்லாம் சதுரங்கக் கட்டம் மாதிரி இருக்கும். மைலுக்கு ஒண்ணு, நேர்கோடா. 1785-ல் போட்ட நில அளவைச் சட்டத்தோட உபயம். ஆனா ஃப்ளின்ட் ஹில்ஸ் பக்கம் வந்ததும் கட்டம் கலைஞ்சு போகுது. 177-ம் நம்பர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினா சரளைக்கல் பாதைதான். ஓடைக்கும் மேட்டுக்கும் தக்கபடி வளையும். மைல் கணக்கில் வீடே இருக்காது, புல் மட்டும்தான்.

ஏன் இப்படி? எல்லாம் சிக்கிமுக்கிக் கல் பண்ணின வேலை.

ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் நடுவே சுமார் 17 கோடி ஏக்கருக்கு ஆளுயரப் புல்வெளி இருந்தது. 1837-ல் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்தார். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் செஞ்சா 160 ஏக்கர் சொந்தம்னு சொல்லிடுச்சு. அப்புறம் கேக்கணுமா? புல்வெளி மளமளன்னு மக்காச்சோளக் காடாச்சு. இன்னைக்கு மிச்சம் 4 சதவீதம்கூட இல்லை.

அந்த மிச்சத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கு. மண்ணைக் கொஞ்சம் கீறினாலே சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும் தட்டுப்படும். கலப்பை பாச்சா பலிக்கலை. சரி, மாடாவது மேயட்டும்னு விட்டுட்டாங்க. இன்னைக்கும் மாடுங்க பாதையிலேயே நிக்கும். வேலிக்குக் கதவு இருக்காது. பாதைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதிச்சிருப்பாங்க. கார் தாண்டும், மாடு தாண்டாது. கலப்பையை ஜெயிச்ச அதே கல் டயரையும் கிழிக்கும், ஸ்டெப்னி முக்கியம்!

1996-ல் இங்கே சுமார் 10,900 ஏக்கரைத் தேசியப் புல்வெளிக் காப்பகமா அறிவிச்சாங்க. 2009-ல் பைசன் எருமைகளையும் திரும்பக் கொண்டாந்து விட்டாங்க.

கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா மனுஷங்க கதை வேற. கான்சாஸ்ங்கற பேரே 'கான்சா' என்ற கா பழங்குடி மக்களோட பேர்தான். கவுன்சில் குரோவ் ஊர்ப்பக்கம் இருந்த அவங்களை 1873-ல் இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்திட்டாங்க. எருமையைக் கூட்டி வந்த மாதிரி அவங்களை யாரும் கூட்டி வரலை. 2000-ல் அவங்களே அதே ஊருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலத்தை விலை கொடுத்து வாங்கினாங்க. தாத்தா பாட்டி வாழ்ந்த மண்ணைக் காசு கொடுத்து!

அந்தப் பக்கம் கார் ஓட்டிட்டுப் போறவங்க அங்கேயும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க.