ஒளி எட்டாத வெள்ளிக்கிழமைகள்

தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதுவோர் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியைத் தமிழர் அனைவருக்குமான நினைவாகவே குறிப்பிடுகின்றனர். வெள்ளிக்கிழமை மாலையில் தெருக்கள் வெறிச்சோடிய கதை நாம் பலமுறை கேட்டதே. ஆனால் சென்னைத் தொலைக்காட்சியின் தரைவழி ஒளிபரப்பு பெங்களூரை எளிதில் எட்டவில்லை. அந்த நினைவில் இந்நகரத் தமிழருக்குப் பெரும்பாலும் பங்கில்லை.

பிரேசர் டவுனை எடுத்துக்கொள்வோம். 1898இன் பிளேக் நோய்க்குப் பின், கண்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க எழுந்த குடியிருப்பு. தமிழும் உருதும் ஆங்கிலமும் அருகருகே புழங்கும் இடம். 1980களில் இங்கே தொலைக்காட்சி வைத்திருந்த தமிழ் வீடுகள் கன்னடப் பாடல்களைச் ‘சித்ரமஞ்சரி’யிலும் இந்திப் பாடல்களைச் ‘சித்ரஹா’ரிலும் பார்த்தன. தமிழ்ப் பாடலோ, வாடகை வீடியோ கேசட்டை விட்டால், வானொலியிலும் ஒலிநாடாவிலுமே வந்தது. பிறமொழிப் பாடலுக்கு முகம் இருந்தது; சொந்த மொழிப் பாடலுக்குக் குரல் மட்டுமே இருந்தது.

இவ்வேறுபாடு சிறிதன்று. திரையரங்கில் ஓரிரு முறை கண்ட காட்சி மங்கிவிடும். நூறுமுறை கேட்ட குரல் நிலைக்கும். வானொலி அறிவிப்பாளரும் பாடகர், இசையமைப்பாளர் பெயர்களைச் சொல்லியே பாடலை ஒலிக்கவிட்டார். இவ்வாறு கேட்டவருக்குப் பாடல் முதலில் பாடகருடையது, பிறகே நடிகருடையது என்பது என் கருத்து. (இதைப் பொற்காலமாக்குவது என் நோக்கமன்று, பாடகரை வழிபடுவதிலும் மிகைகள் உண்டு.)

1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வெளியானது. மின்மினியின் குரல் இவ்வீடுகளுக்குள் ஒலிநாடாவாக நுழைந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கி, கேபிள் வழியே தமிழ்ப் பாடற்காட்சிகள் அன்றாடமாயின. அதே குரலுக்கு மதுபாலாவின் முகம் திரும்பத் திரும்பப் பொருத்தப்பட்டது. 2011 நவம்பரில் யூடியூபில் வந்த ‘கொலவெறி’ காணொளி ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கியது. பாடுபவரின் முகம் ஒருவழியாகத் திரைக்கு வந்தது. அதுவும் ஒரு கதாநாயகனின் முகமாகவே இருந்தது!

தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலை மட்டும் சான்றாகக் கொண்டால் இக்கேட்டல் வரலாறு நம் கண்ணில் படாது. அதற்கான சான்று வேறிடத்தில் இருக்கிறது: வெற்று நாடாவில் பதிந்து தரும் கடைகளுக்குக் கொடுக்கக் குடும்பங்கள் கைப்பட எழுதிய பாடற்பட்டியல்கள். எந்தப் பாடல், எந்த வரிசை, யார் பெயரால் குறிக்கப்பட்டது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. பழைய வீடுகள் இடிக்கப்படும்போது அவையும் குப்பைக்குப் போகின்றன. உங்கள் வீட்டு நாடாப் பெட்டியில் அத்தகைய தாள் இருப்பின், எறியுமுன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.