ஓய்வு பெறும் யுத்த டாங்கிகள் எங்கே போகின்றன?

யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியில் ஆனையிறவைக் கடக்கும் எவரும் அந்த வாகனத்தைப் பார்க்காமல் போக முடியாது. வீதியோரத்தில் துருவேறிய இரும்புத் தகடுகளால் மூடப்பட்ட ஒரு புல்டோசர் நிற்கிறது. தென்பகுதியிலிருந்து வரும் பஸ்கள் அங்கே நிறுத்தப்படும். பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்வார்கள். கிழக்கிலிருந்து போகும் நம்மவர்களும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

தொழிற்சாலையில் செய்யப்பட்ட யுத்த டாங்கி அல்ல அது. மண் அள்ளும் இயந்திரத்துக்குக் கவசம் போர்த்தி விடுதலைப் புலிகள் உருவாக்கியது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாம் முற்றுகையிடப்பட்டபோது அது முகாமை நோக்கி நகர்த்தப்பட்டது. காமினி குலரத்ன என்ற படைவீரர் கைக்குண்டுகளோடு அதன் மேல் ஏறி அதை நிறுத்தினார். அந்த இடத்திலேயே அவர் உயிரிழந்தார். நாட்டின் அதியுயர் வீரப் பதக்கமான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது. இன்று அங்கிருப்பது அவரது நினைவிடம். புல்டோசர் அதன் சாட்சிப் பொருள்.

போரில் ஓடிய ஆயிரக்கணக்கான வாகனங்கள் பழைய இரும்பாகிப் போக, இப்படி ஒன்று மட்டும் எப்படித் தப்புகிறது? அதை யார் வைத்திருக்கிறார்கள், எதற்காக?

தாங்கியும் டாங்கியும்

நாம் தண்ணீர் சேமிப்பதும் தாங்கி, போருக்குப் போவதும் டாங்கி. இது தற்செயல் அல்ல. முதலாம் உலகப்போரில் பிரித்தானியர் இந்த வாகனத்தை இரகசியமாகச் செய்தபோது, உண்மையை மறைக்க அதற்குத் தண்ணீர்த் தாங்கி என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறக்கப்பட்டது. மறைப்புக்கு வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

பழைய இரும்புக் கடையிலிருந்து தப்பியவை

ஓய்வு பெறும் டாங்கியின் இயல்பான முடிவு உலை. ஒரு ரி-55 டாங்கியின் எடை சுமார் 36 தொன். அத்தனையும் நல்ல உருக்கு. சும்மா நிறுத்திவைப்பதைவிட வெட்டி விற்பதே எந்த அரசுக்கும் இலாபம். ஆகவே ஒரு டாங்கி தப்ப வேண்டுமானால் அதற்கு இரண்டாவது வேலையொன்று கிடைக்க வேண்டும்.

இதற்கு இங்கிலாந்தின் ஆஷ்ஃபோர்ட் நகரம் நல்ல உதாரணம். முதலாம் உலகப்போருக்குப் பின், போர்க் கடன் திரட்ட உதவிய ஊர்களுக்கு நன்றியாகப் பிரித்தானிய அரசு 260க்கும் மேற்பட்ட டாங்கிகளை 1919இல் அன்பளிப்பாகக் கொடுத்தது. சில ஆண்டுகளில் ஊர்களுக்கு அலுத்துவிட்டது. துருப்பிடித்தவற்றை ஒவ்வொன்றாக வெட்டி விற்றார்கள். மீதமிருந்தவையும் இரண்டாம் உலகப்போரின் இரும்புத் தட்டுப்பாட்டில் போய்விட்டன. ஆஷ்ஃபோர்டில் மட்டும் 1929இல் டாங்கியின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே மின்மாற்றியைப் பொருத்தினார்கள். ஊருக்கு மின்சாரம் தருகிற பெட்டியை யார் விற்பார்கள்? அதனால்தான் அந்த ஒன்று இன்றும் நகர மத்தியில் நிற்கிறது.

சிலவற்றை மண்ணும் சேறும் காப்பாற்றின. 1917இல் காம்ப்ரே போரில் அழிந்த ‘டெபோரா’ என்ற பிரித்தானிய டாங்கி, பிரான்சின் ஃபிளெஸ்கியேர் கிராமத்தில் புதைந்து கிடந்தது. உள்ளூர் ஆர்வலர் ஒருவர் பல ஆண்டுகள் தேடி 1998இல் அதைத் தோண்டி எடுத்தார். ஊர் மூதாட்டி ஒருவரின் ஞாபகம்தான் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. எஸ்தோனியாவில் 2000ஆம் ஆண்டு ஏரியொன்றின் சேற்றிலிருந்து ரி-34 டாங்கி ஒன்று இழுத்தெடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் மூழ்கிக் கிடந்தும் அது பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு என்பதே காரணம்.

எத்தனை செய்யப்பட்டன என்பதும் முக்கியம். முதலாம் உலகப்போரில் ஜேர்மனி செய்த ஏ7வி டாங்கிகள் சுமார் 20 மட்டுமே. அவற்றில் எஞ்சியிருப்பது ஒன்றுதான். அவுஸ்திரேலியப் படையினர் இழுத்து வந்த ‘மெஃபிஸ்டோ’, பிரிஸ்பேன் நகரின் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாறாக, சோவியத் ரி-54, ரி-55 வகைகள் பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்டதால் உலகின் எந்த மூலையிலும் அவற்றைக் காணலாம்.

வீட்டு வளவில் டாங்கி வைத்திருப்பவர்கள்

மேற்கு நாடுகளில் தனியாரும் டாங்கி வாங்கலாம். பீரங்கியும் துப்பாக்கிகளும் இனிச் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட வேண்டும் என்பதே பெரும்பாலும் முதல் நிபந்தனை.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜாக் லிட்டில்ஃபீல்ட் இவர்களில் பெரியவர். தன் பண்ணையில் 200க்கும் மேற்பட்ட கவச வாகனங்களைச் சேர்த்தார். போலந்தில் ஆற்றில் மூழ்கிக் கிடந்த ஜேர்மன் பாந்தர் டாங்கி ஒன்றைப் பல வருட உழைப்பில் மீண்டும் ஓட வைத்தார். 2009இல் அவர் காலமானார். 2014இல் சேகரிப்பின் பெரும்பகுதி ஏலத்தில் விடப்பட்டுப் பல கைகளுக்குப் பிரிந்தது. தனியார் சேகரிப்பின் பலமும் பலவீனமும் இதுதான். அரசு செலவழிக்காத பணத்தையும் பொறுமையையும் ஒரு தனிமனிதர் செலவழிப்பார். ஆனால் அவர் போனால் சேகரிப்பும் கலையலாம்.

சட்டம் குறுக்கே வந்த கதையும் உண்டு. ஜேர்மனியின் கீல் நகருக்கு அருகே முதியவர் ஒருவர் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் பாந்தர் டாங்கி ஒன்றை வைத்திருந்தார். 2015இல் இராணுவம் வந்து பல மணிநேரம் போராடித்தான் அதை வெளியே இழுத்தது. 2021இல் நீதிமன்றம் அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் 250,000 யூரோ அபராதமும் விதித்தது.

நிறுவனங்கள் நீண்டகாலம் தாக்குப்பிடிக்கின்றன. இங்கிலாந்தின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் 1943இல் துனீசியாவில் கைப்பற்றப்பட்ட ‘டைகர் 131’ இருக்கிறது. இன்று சொந்தச் சக்தியில் ஓடக்கூடிய ஒரே டைகர்-1 அதுதான்.

பேணுவது என்றால் பெயின்ற் அடிப்பது மட்டுமல்ல

டாங்கியைச் சீமெந்துப் பீடத்தில் ஏற்றியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கிருந்துதான் அழிவு தொடங்குகிறது. கவசம் தடிப்பானது, உடனே ஓட்டை விழாது. ஆனால் மூடிகளின் இடுக்குகளால் மழைநீர் உள்ளே இறங்கி அடித்தளத்தில் தேங்கும். வெளியே பளபளக்க, உள்ளே ஆசனமும் வயர்களும் கியர்ப்பெட்டியும் உக்கிப்போகும். அடியிலுள்ள வடிகால் துளைகளைத் திறந்து வைப்பதும், காற்றோட்டம் விடுவதும், எஞ்சிய எண்ணெயையும் பற்றரிகளையும் அகற்றுவதும் முதல் வேலைகள். பழைய டாங்கிகளின் சில அளவுமானிகளில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசப்பட்டிருக்கும். சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். பிள்ளைகள் ஏறி விளையாடும் பொருளில் இவை இருக்கக் கூடாது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்பதைக் கல்முனையிலும் கோமாரியிலும் தினமும் பார்க்கிறோம். 36 தொன் இரும்பும் அதற்கு விதிவிலக்கல்ல.

பீடத்தில் நிற்பது யாருடைய கதை?

1965 செப்டெம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் பகுதியில் பாகிஸ்தான் தன் பாட்டன் டாங்கிகளைப் பெருந்தொகையில் இழந்தது. கைப்பற்றப்பட்டவை இந்தியாவின் பல நகரங்களில் வெற்றிச் சின்னங்களாக நிறுத்தப்பட்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு பாட்டன்களை எதிர்கொண்டு உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம வீர் சக்ரா கிடைத்தது. அந்தப் போரின் கதையில் அவர் பெயரைத் தவிர்த்துவிட முடியாது. சென்னையை அடுத்த ஆவடியில் 1960களிலிருந்து தயாரான விஜயந்தா டாங்கிகளும் ஓய்வுக்குப் பின் இப்படியே காட்சிப் பொருளாயின. 1994இல் தொடங்கப்பட்ட அகமத்நகர் டாங்கி அருங்காட்சியகத்தில் பல நாட்டு டாங்கிகளை ஒரே இடத்தில் காணலாம்.

ஆனால் பீடத்தில் நிற்கும் டாங்கியின் பொருள் நிரந்தரமல்ல. செக் நாட்டின் பிராக் நகரில் சோவியத் படை நாசிகளிடமிருந்து நகரை விடுவித்ததன் நினைவாக ஒரு டாங்கி நின்றது. 1968இல் சோவியத் டாங்கிகளே அந்நாட்டை ஆக்கிரமிக்க வந்த பின் மக்கள் அதை வேறு கண்ணோடு பார்த்தார்கள். 1991இல் டேவிட் செர்னி என்ற இளம் கலைஞர் அதற்கு இளஞ்சிவப்பு வர்ணம் பூசினார். இப்போது அது அதே வர்ணத்தோடு இராணுவ அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. இரும்பு மாறவில்லை, கதை மாறியது.

நம் நாட்டில்

இலங்கை இராணுவம் 1990களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்து ரி-55 டாங்கிகளைப் பெற்றது. 1993 நவம்பரில் பூநகரித் தாக்குதலின்போது அவற்றில் ஒன்றைப் புலிகள் கைப்பற்றித் தாங்களே பயன்படுத்தினார்கள். ஒரே டாங்கி இரண்டு தரப்புக்கும் உழைத்தது. கிழக்கில் நமக்குப் பழக்கமானது டாங்கியைவிடப் ‘பவல்’ கவச வாகனம்தான். தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு அது. சோதனைச் சாவடிகளில் அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று நாற்பதைக் கடந்துவிட்டது.

இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்புகளைப் பேணி ஓட்டுபவர்கள் இங்கும் உண்டு. ஆனால் கவச வாகனங்களைச் சேகரிக்கும் தனியார் மரபு வளரவில்லை. உள்நாட்டுப் போர் நடந்த நாட்டில் அதற்கு அனுமதி எதிர்பார்ப்பதும் கடினம். ஆகவே சேகரிப்பாளர் ஒருவர்தான், அவர் அரசு. ஆனையிறவுப் புல்டோசரையும், போருக்குப் பின் புதுக்குடியிருப்பில் காட்சிக்கு வைக்கப்பட்ட புலிகளின் படகுகளையும் நீர்மூழ்கிகளையும் தெரிவு செய்தது இராணுவம்தான். மற்றவை பழைய இரும்பாகின. அந்த இரும்பைப் பொறுக்கப் போய் வெடிபொருளில் கையும் காலும் இழந்தவர்கள் வன்னியில் உண்டு. அவர்களுக்கு நினைவிடம் இல்லை.

1991இன் ஆனையிறவுச் சமரில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். காமினியின் துணிச்சலை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகடுகளுக்குள் இருந்தவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகளே. அந்த நிலத்தில் உப்பு விளைவித்தவர்களும், அவ்வழியே இடம்பெயர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரு சேகரிப்பாளர் மட்டும் இருக்கும் நாட்டில் ஒரு கதை மட்டுமே மிஞ்சும் ஆபத்து இருக்கிறது.

அடுத்து என்ன?

ரி-55கள் என்றென்றும் ஓடப்போவதில்லை. அப்போது உலை, பீடம், கடல் என்று மூன்று வழிகள் இருக்கும். கடல் என்பது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. 2010இல் தாய்லாந்தின் நராத்திவாத் கரைக்கு அப்பால் 25 பழைய டாங்கிகளை மீன்கள் பெருகவென்று கடலில் இறக்கினார்கள். முஸ்லிம் மீனவர்கள் பெரும்பான்மையாக வாழும் கரை அது. ஜோர்தானின் அகபாவிலும் டாங்கி ஒன்று கடலடியில் இருக்கிறது. நம் கடற்படை பழைய இ.போ.ச. பஸ்களை இறக்கியதும் 2021இல் தமிழக மீனவர்கள் அதை எதிர்த்ததும் நினைவிருக்கும். எண்ணெயும் நச்சுப் பொருட்களும் முற்றாக அகற்றப்பட வேண்டும். இடத்தை மீனவர்களிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். கரைவலை இழுக்கும் நம் கரையில் தவறான இடத்தில் கிடக்கும் ஓர் இரும்பு, ஒரு சம்மாட்டியின் முழு வலையையும் கிழித்துவிடும்.

எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத்தையும், அது எந்தக் களங்களில் நின்றது என்பதையும், அந்தக் களங்களில் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மூன்று மொழிகளிலும் பதிந்து வைக்க வேண்டும். பவல்களைப் பார்த்து வளர்ந்தவர்களிடமும் கேட்க வேண்டும். ஃபிளெஸ்கியேரில் டாங்கி கிடைத்தது ஒரு மூதாட்டிக்கு ஞாபகம் இருந்ததால்தான். நம் ஊர்களிலும் அப்படியான மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை காலத்துக்கு இருப்பார்கள் என்பதுதான் கேள்வி.